'தி டூ டவர்ஸ்' மறுவாசிப்பு: கோத்தகிரி வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிறு மதியங்களில் கூடி, டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் நடுப்பாகத்தை மட்டும் மறுபடி படிக்கும் வட்டத்துக்காக எழுதியது இது. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறோம். ஒருமுறையாவது முழுக் கதையையும் படித்தவர்களை மனதில் வைத்து எழுதியது. முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் முதல் நான்கு பதில்களோடு நிறுத்திக்கொள்ளவும்.

மூணு பாகம் இருக்குங்களே, நடுவுல இருக்கிறத மட்டும் எதுக்குத் திரும்பப் படிக்கிறீங்க?

முதல் வாசிப்பில் அதிகம் அடிபடுவது இந்தப் பாகம்தான். முதல் பாதியில் குதிரையும் போரும் இருப்பதால் வேகமாக ஓடிவிடும். இரண்டாம் பாதியில் ஃப்ரோடோ, சாம் என்ற இரண்டு ஹாபிட்டுகளும் (குள்ள இனத்தார்) கோல்லம் என்ற வழிகாட்டியும் சேற்றிலும் கல்லிலும் நடந்துகொண்டே இருப்பார்கள். பலர் அங்கே பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார்கள். கதையின் முடிவுக்கு வேண்டிய விதை முழுக்க அந்தத் தள்ளிய பக்கங்களில் இருக்கிறது.

அமைப்பையும் சொல்லிவிடலாம். கதை அச்சில் மூன்று பாகம், உள்ளே ஆறு நூல். 1954 நவம்பரில் வந்த இந்த நடுப்பாகத்தில் மூன்றாம் நூலும் (11 அத்தியாயம்) நான்காம் நூலும் (10 அத்தியாயம்) இருக்கின்றன. கீழே 3-4 என்று போட்டிருந்தால் மூன்றாம் நூல், நான்காம் அத்தியாயம் என்று கொள்ளவும். நான்காம் நூலின் அத்தியாயங்களை டோல்கீன் 1944-ல் எழுத எழுத, விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அனுப்பிவந்தார். அதனாலோ என்னவோ, வாரம் ஒன்றாகப் படித்தால் தொடர்கதைபோல நன்றாகவே இறங்குகிறது.

எத்தனை வாரம் ஆகும்? எஸ்டேட் வேலைக்குப் போறவங்களால முடியுமா?

21 அத்தியாயம், 11 ஞாயிறு. வாரம் இரண்டு, 3-4 ('ட்ரீபியர்ட்') மட்டும் தனியாக ஒரு வாரம், ஏனென்றால் அது நீளம், வேகமாகப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். இரண்டு வாரம் விட்டுப்போனால் பின்னால் இருந்து பிடிக்க முயலாமல் அந்த வார அத்தியாயத்திலிருந்தே சேர்ந்துகொள்ளுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள்தான் பாதியில் நின்றுபோகிறார்கள்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வராது. பழைய இங்கிலீஷா இருக்கேன்னு பயமா இருக்கு.

நான்காம் நூலில் பயம் வேண்டாம். சாம் பேசுவது தோட்டக்காரர் பேச்சு. சின்னச் சின்ன வாக்கியம். கஷ்டம் 3-6-லும் 3-10-லும்தான்: அரசவைப் பேச்சு, வினைச்சொல் முன்னால் வரும் வாக்கியங்கள். அவற்றை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வாக்கியம் காதுக்குப் பிடிபடும். ஒரு இருபது சொல்லை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் அகராதியைத் தொடவே வேண்டியதில்லை: 'ஏர்' என்றால் முன்பு, 'ஃபெல்' என்றால் கொடிய என்றும் மலை என்றும் வரும், 'கோனி' என்றால் முயல், இப்படி. பாட்டுகளைத் தாண்டலாமா என்றும் கேட்கிறார்கள். முதல் தடவை தாண்டியவர்கள் இந்தத் தடவை தாண்டாதீர்கள், அவ்வளவுதான்.

மழைக்காலத்துல புக்கு பூசணம் புடிச்சுருது. என்ன பண்றது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சோதனை. அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்கக் கூடாது. இரும்பு பீரோவில் பூட்டிவைத்தால் உள்ளேயே வியர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடவேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்தால் போடாததற்குச் சமம்.

பூசணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அது தாளுக்குள் இறங்கிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயவிட்டு, வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் அட்டை சுருளும். நனைந்த புத்தகத்துக்கு இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகவும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மூன்று பாகமும் ஒன்றாக வரும் தடித்த பேப்பர்பேக்கைக் குளிர்காலையில் பளீரென விரித்தால் முதுகுப் பசை விரிசல் விடும். கடைசியில் உள்ள வரைபடத்தை ஏ3 அளவில் ஜெராக்ஸ் எடுத்து வெளியே வைத்துக்கொண்டால் புத்தகத்துக்கு ஆயுள் கூடும்.

சாருமான், சௌரோன் ரெண்டு பேரும் ஒருத்தரா? பேரெல்லாம் ஒரே குழப்பமா இருக்கு.

இரண்டு பேர். சாருமான் மந்திரவாதி, ஐசன்கார்டில் ஆர்த்தாங்க் கோபுரத்தில் இருக்கிறான், மூன்றாம் நூலில் நேரில் வருகிறான். சௌரோன் மோர்டோரில் இருக்கும் பேரரக்கன். கதை முழுக்க நேரில் வந்து நிற்பதே இல்லை. முதல் அசையை 'சௌ' என்றே சொல்லவேண்டும் என்பது டோல்கீன் கொடுத்த விதி. தமிழில் அந்த எழுத்தே இருப்பதால் நமக்குச் சுலபம். அவருடைய எல்ஃப் (கதையில் வரும் சாகா இனம்) மொழிகளில் 'சி' எழுத்து எப்போதும் 'க' ஒலிதான்: சிரித் உங்கோல் அல்ல, கிரித் உங்கோல்.

ரோஹான் நாட்டுப் பெயர்களில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏயோமர், ஏயோவின், ஏயோமுண்ட் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது பழைய ஆங்கிலத்தில் குதிரையைக் குறிக்கும் சொல். தேயோடன் என்பதற்கு அதே மொழியில் அரசன் என்றே பொருள். எதிரிப் படையின் அரக்கர்களான ஆர்க்குகளில் நான்கு பேர் போதும்: 3-3-ல் ஊக்ளூக் (சாருமான் ஆள்), கிரிஷ்நாக் (மோர்டோர் ஆள்), 4-10-ல் ஷாக்ராத் (கிரித் உங்கோல் காவல்), கோர்பாக் (மினாஸ் மோர்கூல்).

கோல்லம் பெயரைத் தமிழில் எழுதுவதுதான் பெரிய தலைவலி. கொல்லம் என்றால் கேரளத்து ஊர், கோலம் என்றால் வாசல், கொல்லும் என்றால் கதையையே சொன்னதுபோல ஆகிவிடும். நாங்கள் கோல்லம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

படத்துல எல்ஃபுங்க வந்து சண்டை போடுவாங்களே, அந்தப் பக்கத்தையே காணோம்?

2002-ல் வந்த படத்தில் உண்டு, நூலில் இல்லை. ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு எல்ஃப் படை வருவதில்லை, லெகோலாஸ் ஒருவன்தான். படத்தில் கடைசியில் குதிரைப்படையோடு வந்து இறங்கும் ஏயோமர், நூலில் முதலிலிருந்தே கோட்டைக்குள் நின்று போரிடுகிறான். விடியலில் நல்ல மந்திரவாதி கேண்டால்ஃபோடு வருவது எர்கென்பிராண்டும் ஆயிரம் காலாட்களும். லெகோலாஸும் கிம்லியும் தலை எண்ணும் போட்டி நூலிலேயே இருக்கிறது: 41-க்கு 42, கிம்லிக்கு வெற்றி.

பெரிய வித்தியாசம் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாராமிர். படத்தில் அவன் ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத்துக்கு இழுத்துப் போகிறான். நூலில் அப்படி ஒரு பயணமே கிடையாது. ஃப்ரோடோ அழிக்கக் கொண்டுபோகும் மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறான், பின்னால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரிந்தும் சொன்ன சொல்லில் நிற்கிறான். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 4-5-ஐ நிதானமாகப் படிக்கவேண்டும். ஷெலோப் சிலந்தியும் படத்தில் மூன்றாம் பாகத்துக்குப் போய்விட்டது. நூலில் இந்தப் பாகத்தின் கடைசி.

பின்னிணைப்புல பிப்ரவரி 30-னு போட்டிருக்கே, அச்சுப்பிழையா?

இல்லை. குள்ளர்களான ஹாபிட்டுகளின் நாள்காட்டியில் 12 மாதத்துக்கும் 30 நாள்தான். மீதி 5 நாள் எந்த மாதத்திலும் சேராது: வருடக் கடைசியும் முதலுமாக இரண்டு, நடுக்கோடையில் மூன்று. பின்னிணைப்பின் தேதிகள் அந்தக் கணக்குப்படிதான் இருக்கின்றன. ஆனி 32 நாள், மார்கழி 29 நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்கக்கூடாது.

நாள் எண்ணும்போது இதை மறந்தால் கணக்கு உதைக்கும். உதாரணமாக, கேண்டால்ஃப் ஜனவரி 15-ல் பாலத்திலிருந்து விழுகிறார். 25-ல் பால்ரோக் என்ற தீ அரக்கனை வீழ்த்தி உயிர் விடுகிறார். பிப்ரவரி 14-ல் மீள்கிறார். இடையில் நம் கணக்கில் 20 நாள், அவர்கள் கணக்கில் 19.

மூணு பேரும் நாலு நாள்ல அவ்வளவு தூரம் ஓடுனாங்கன்றது நம்புற மாதிரியா இருக்கு?

ஆர்க்குகள் கடத்திய நண்பர்களைத் துரத்தி அராகோர்ன், லெகோலாஸ், கிம்லி மூவரும் கால்நடையாக 45 லீக் வந்திருக்கிறார்கள் என்று ஏயோமர் வியக்கிறான். ஒரு லீக் 3 மைல். ஆக 135 மைல், சுமார் 217 கி.மீ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கி.மீ. அதை ஐந்து முறை போவதற்குக் கொஞ்சம் குறைவு.

நாளுக்குச் சராசரி 54 கி.மீ. நம் மலைச் சரிவில் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்தால் 18 மணி நேரம் ஆகும், நடக்காத காரியம். ஆனால் அவர்களுக்குச் சரிவு முதல் இரவில் மட்டும்தான். அதன்பிறகு முழுக்கப் புல்வெளி. மணிக்கு நாலரை கி.மீ. வேகத்தில் 12 மணி நேரம் போனால் வந்துவிடும். இரவில் தடம் தவறிவிடும் என்று படுத்துவிடுகிறார்கள், உணவு லெம்பாஸ் ரொட்டி. கஷ்டம்தான், ஆனால் கப்சா இல்லை. லெகோலாஸுக்குக் களைப்பே இல்லை என்பதை மட்டும் எல்ஃப் என்பதால் விட்டுவிடுவோம்.

ஃபாங்கோர்ன் காடு நம்ம சோலை மாதிரியேதான இருக்கு?

பாதி சரி. கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் போய் நின்றால் 3-4-ல் வரும் பாசி, கிளையில் தாடிபோலத் தொங்கும் வளர்ச்சி, காலுக்கடியில் மெத்தென்ற இலைமக்கு, எங்கோ ஓடும் தண்ணீர்ச் சத்தம் எல்லாமே இருக்கும். ஃபாங்கோர்ன் என்ற பெயருக்கே 'மரத்தாடி' என்றுதான் பொருள். ஆனால் சோலை என்பது புல்மலைகளின் மடிப்பில் ஒதுங்கி நிற்கும் துண்டுக் காடு; மரங்கள் குட்டை, குடைபோல் கவிந்தவை. ஃபாங்கோர்ன் முடிவே தெரியாத பெருங்காடு, உள்ளே காற்றே ஓடாது. 14 அடி உயரமுள்ள மர மனிதன் ட்ரீபியர்ட் நம் சோலைக்குள் குனிந்துதான் நடக்கவேண்டும்.

சாருமான் மேல் ட்ரீபியர்டுக்கு வரும் கோபம் இங்கே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. அவன் மரத்தை உலைக்கு விறகாக மட்டும் பார்க்கிறவன். சிலவற்றை வெட்டி எடுத்துக்கூடப் போகாமல் அழுக விட்டிருக்கிறான். புல்வெளியை வீண்நிலம் என்று கணக்கெழுதி கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வரிசையாக நட்ட மலையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறோம் என்பதை யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார்கள்.

சாம் வைக்கிற முயல் குழம்பை நாம வச்சுப் பாக்கலாமா?

4-4 படிக்கும் வாரம் தவறாமல் வரும் கேள்வி. காட்டு முயல் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆகவே கோழி. சாமிடம் இருந்தது இரண்டு சின்ன முயல், ஒரு சிறு டப்பி உப்பு, தைம், சேஜ், பே இலை, தண்ணீர். மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, எண்ணெய்கூட இல்லை. கேட்டும் கிடைக்காதது உருளைக்கிழங்கு. கோல்லத்துக்கு அது என்னவென்றே தெரியாது.

எலும்போடு முக்கால் கிலோ கோழி, ஒரு லிட்டர் தண்ணீர், தைம் நான்கு கொத்து, சேஜ் நான்கு இலை, பே இலை இரண்டு, உப்பு. சேஜ் நான்குக்கு மேல் போனால் கசக்கும். பே இலை என்று கேட்டால் கடையில் பிரியாணி இலையைக் கொடுத்துவிடுவார்கள். அது பட்டை இனம், நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் அடிக்கும். இந்தக் குழம்புக்கு வேண்டியது நடுவில் ஒரே நரம்புள்ளது. சாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைக்கிறான். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். குக்கரில் வைத்தால் தைம் வாசம் போய்விடுகிறது.

அடுப்பை முழுக்க அணைப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். சாம் நெருப்பை மிதித்து அணைக்காமல் பாத்திரம் கழுவப் போனதால்தான் மெல்லிய நீலப்புகை எழுந்து ஃபாராமிரின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

சதுப்புல தெரியற விளக்கெல்லாம் நம்ம கொள்ளிவாய்ப் பிசாசுதானே?

பார்வைக்கு அதேதான், சதுப்பில் அலைந்து ஆளை இழுக்கும் வெளிச்சம் என்ற நம்பிக்கை இரண்டு ஊரிலும் உண்டு. கூடுதலாக 4-2-ல் தண்ணீருக்கடியில் முகங்கள் தெரிகின்றன. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய டாகோர்லாத் போரில் செத்தவர்களின் கல்லறைகளைச் சதுப்பு பரவி விழுங்கியிருக்கிறது. தொட முயன்றால் எட்டாது என்று கோல்லம் சொல்கிறான். அவன் ஏற்கெனவே முயன்று பார்த்தவன். எதற்காக முயன்றிருப்பான் என்று சாம் யோசித்து முகம் சுளிக்கும் அந்த ஒரு வரியை முதல் வாசிப்பில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

இந்தச் சதுப்பின் தோற்றம் சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்ஸுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1916-ல் அவர் அந்தப் போர்முனையில் இருந்தவர்.

ரெண்டு கதையும் ஒரே நாள்ல நடக்குதுன்னா, தேதிப்படி கலந்து படிக்கலாமே?

மறுவாசிப்பில் தாராளமாக. பிப்ரவரி 30 பற்றி மேலே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் போங்கள். 3-1, 3-2, 3-3 மூன்றையும் முடித்துவிட்டு 4-1. எல்லாமே பிப்ரவரி 26-ல் குழு பிரிந்ததிலிருந்து தொடர்பவை. அடுத்து 3-4, பிறகு 4-2 சதுப்பு. 3-5 முதல் 3-8 வரை ஒரே மூச்சு. அது மார்ச் 5-ல் ஐசன்கார்டில் கொண்டுவிடும். அங்கே நிறுத்தி 4-3. அதே மார்ச் 5-ல் ஃப்ரோடோ மோர்டோரின் கருப்பு வாயில் முன் பள்ளத்தில் ஒளிந்திருக்கிறான். பிறகு 3-9, 3-10, 3-11. மிச்சமுள்ள 4-4 முதல் 4-10 வரை மார்ச் 13-ல் முடியும்.

4-3-ஐ அந்த இடத்தில் செருகச் சொல்வதற்குக் காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது: ஆர்த்தாங்க் படிகளில் பலாந்திர் (தொலைவைக் காட்டும்) கல் தீப்பறக்க வந்து மோதும் நேரத்திலும் கேண்டால்ஃபின் நினைப்பு ஃப்ரோடோ மேலும் சாம் மேலும்தான் இருந்தது என்று அந்த அத்தியாயமே சொல்கிறது. நிலாவும் உதவும். 4-6-ல் மார்ச் 8 விடியுமுன் ஃப்ரோடோ மேற்கே முழுநிலா இறங்குவதைப் பார்க்கிறான். அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயத்தில், குதிரை மேல் போகும் பிப்பினும் அதே இரவில் அதே நிலாவைப் பார்க்கிறான்.

முதல் வாசிப்புக்கு இந்த முறை ஆகாது. ஹெல்ம்ஸ் டீப் போர் நடக்கும்போது ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தவிப்பதற்காகவே ஆசிரியர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்.

'டூ டவர்ஸ்'ங்கறது எந்த ரெண்டு கோபுரம்?

டோல்கீனே முதலில் தடுமாறினார். 1953-ல் பதிப்பாளருக்கு எழுதும்போது தலைப்பு எதையும் குறிக்கலாம் என்று விட்டுவைத்தார். முதல் பாகத்தின் கடைசியில் அச்சான குறிப்பு ஆர்த்தாங்க்கும் மினாஸ் மோர்கூலும் என்கிறது. அவர் வரைந்த அட்டை ஓவியமும் அதையே காட்டுகிறது. படம் ஆர்த்தாங்க்கையும் பராத்-தூரையும் எடுத்துக்கொண்டது. சண்டை போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, போடுகிறார்கள்.

கோல்லம் கடைசில கெட்டுப்போனதுக்கு சாம்தான் காரணம்னு சொல்றாங்களே, சரியா?

4-8-ன் கடைசியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 11. கோல்லம் சிலந்தியிடம் பேசி முடித்துவிட்டுப் படிக்கட்டுக்குத் திரும்புகிறான். ஃப்ரோடோ, சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான்; சாமும் தூங்கிவிட்டான். கோல்லத்தின் கண்ணில் இருந்த வெறி அடங்குகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், ஏறக்குறைய தடவிக்கொடுப்பதுபோல. அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் ஒரு களைத்த கிழவனைத்தான் கண்டிருப்பார்கள். ஃப்ரோடோ தூக்கத்தில் முனக, சாம் விழித்து, எசமான் மேல் கைவைக்கிறாயா என்று கடிந்து, பதுங்கித் திரிகிறவன் என்கிறான். அவ்வளவுதான், கண்ணில் பச்சை மின்னல் திரும்பிவிடுகிறது.

கதையிலேயே ஆகப் பெரிய துயரம் இந்த இடம்தான் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் சாம் மேல் பழி போடுவதற்கு முன் 4-2-ஐத் திரும்பப் பாருங்கள்: கோல்லம் இரண்டு குரலில் தன்னோடு வாதாடி, 'அவள்' உதவுவாள் என்று முடிப்பதைச் சாம் தூங்குவதுபோல் நடித்துக் கேட்டிருக்கிறான். அதைக் கேட்டவன் வேறு எப்படிப் பேசுவான்? இன்னொன்று, 4-3-ல் ஃப்ரோடோவே கோல்லத்தை எச்சரிக்கிறான்: மோதிரத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறாய், அதை அணிந்து நான் கட்டளையிட்டால் நெருப்பிலும் குதிப்பாய் என்று. முடிவு தெரிந்து படிக்கும்போது அந்த வரியைத் தாண்டி உடனே அடுத்ததற்குப் போகமுடியாது.

4-10 முடிஞ்சதும் நேரா ஆறாம் நூலுக்குத் தாவிரலாமா? ஃப்ரோடோ என்ன ஆனான்னு தெரியாம இருக்க முடியலை.

வேண்டாம். செத்துவிட்டான் என்று நினைத்து மோதிரத்தை எடுத்துக்கொண்ட சாமுக்கு, ஷாக்ராத்தும் கோர்பாக்கும் பேசுவதிலிருந்து அவன் உயிரோடிருப்பது தெரிகிறது, கதவு மூடிக்கொள்கிறது, அதோடு பாகம் முடிகிறது. நடுவில் ஐந்தாம் நூல், பத்து அத்தியாயம். அதன் கடைசியில் கருப்பு வாயிலில் மோர்டோரின் தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் (அரிய உலோகக் கவச) சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். ஆறாம் நூலை முன்பே படித்திருந்தால் அந்தச் சட்டை வெறும் சட்டைதான். தேதிப்படி கலந்து படிப்பவர்களும் இங்கே மட்டும் வரிசையை மாற்றாதீர்கள். 11-வது ஞாயிறு வரும்போது மூன்றாம் பாகத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். அன்று கூட்டம் முடிந்ததும் ஐந்தாம் நூலின் முதல் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிப்போம்.